காலடியில் ஒரு கணப்பு

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கி 40 நாள்கள் நீடிக்கும் கடுங்குளிருக்கு 'சில்லை கலான்' என்று பெயர். பெரிய நாற்பது என்பது அதன் பொருள். அதைத் தொடர்ந்து 20 நாள்கள் 'சில்லை குர்த்', பின்னர் 10 நாள்கள் 'சில்லை பச்சா' எனக் குளிர் படிப்படியாக இளைத்துப் போகிறது. சில்லை கலான் நாள்களில் தால் ஏரியின் ஓரங்கள் உறைகின்றன. குழாய்களில் தண்ணீர் கட்டியாகி நின்றுவிடுகிறது. விடியற்காலையில் வீட்டில் முதலில் எழுபவர் முதலில் கால் வைக்கும் இடம் பெரும்பாலும் சமையலறை. அந்தத் தரையின் குளிர்ச்சியை உணர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

பழைய காஷ்மீர வீடுகளில் தரை மரத்தாலோ மண்ணாலோ ஆனது. அதன்மேல் கோரைப்பாய், அதற்கும் மேல் கம்பளி நம்தா. இன்று கட்டப்படும் கான்கிரீட் வீடுகளின் சமையலறையில் பளபளக்கும் டைல்ஸ் வந்துவிட்டது. துடைப்பதற்கு எளிது, கறை படியாது. ஆனால் குளிர்காலத்தில் அது பாதத்தின் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. ஒரே அறையில் மரப்பலகையும் டைல்ஸும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. எனினும் டைல்ஸ் வெப்பத்தை விரைந்து கடத்துவதால் நம் காலுக்கு அது பனிக்கட்டியாகத் தோன்றுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்க, ஸ்ரீநகரிலும் சிம்லாவிலும் வீடு புதுப்பிப்போர் சிலர் சமையலறை டைல்ஸுக்கு அடியில் மின்சார வெப்பக் கம்பி பதிக்கிறார்கள். பணியின் காரணமாக அங்கே குடியேறி, வீடும் வாங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் கேள்வி எழுகிறது: இது தேவைதானா, பாதுகாப்பானதா, செலவுக்கு ஏற்ற பயன் உண்டா?

தரையைச் சூடாக்கும் எண்ணம் அந்த மண்ணுக்குப் புதிதன்று. வசதியான காஷ்மீர வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் 'ஹமாம்' என்னும் அறை உண்டு. கற்பலகைகள் பாவிய அதன் தரைக்கு அடியில் வெற்றிடம் விட்டு, அங்கே விறகெரிப்பார்கள். கல் மெல்லச் சூடேறி, நெருப்பு அணைந்த பின்னும் நெடுநேரம் வெதுவெதுப்பாக இருக்கும். அதே நெருப்பின்மேல் அமைந்த செப்புக் கலம் வீட்டுக்கு வெந்நீரும் தரும். கொரிய நாட்டின் 'ஒண்டோல்' இன்னும் ஒருபடி மேலே சென்றது. சமையலறை அடுப்பின் புகையையே பக்கத்து அறையின் தரைக்கு அடியில் செலுத்தி, சோறு வெந்த சூட்டிலேயே குடும்பத்தைத் தூங்கவைத்தது. மின்சாரக் கம்பி இவற்றின் எளிய, சிறிய வாரிசு. வெந்நீர் தராது, ஆனால் புகையும் தராது.

புகை இல்லை என்பதைச் சிறிய வசதியாக எண்ணிவிடக் கூடாது. மலைநாட்டுக் குளிர்காலங்களில் ஆண்டுதோறும் கேள்விப்படும் துயரச் செய்தி ஒன்று உண்டு. கதவு, சன்னல்களை அடைத்துக்கொண்டு கரியடுப்போ எரிவாயு ஹீட்டரோ ஏற்றி உறங்கியவர்கள் காலையில் எழவில்லை என்பதே அது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சுத் திணறலாகக்கூட அது தன்னை அறிவிப்பதில்லை. ஃபிரன் அங்கிக்குள் தணல் நிரம்பிய காங்ரியை வைத்துக்கொள்ளும் வழக்கத்தால் வரும் தோல் புற்றுநோய், 'காங்ரி புற்றுநோய்' என்றே மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டில், தீச்சுடர் இல்லாத ஒரு சூட்டுக்கு மதிப்பு அதிகம்.

கணக்கு எப்படி?

பத்தடிக்குப் பத்தடி சமையலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு 100 சதுர அடி. மேடை, அலமாரி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுக்கு அடியில் கம்பி போகக்கூடாது. அங்கே எழும் சூடு வெளியேற வழியின்றித் தேங்கிக் கம்பியையும் பொருள்களையும் கெடுக்கும். அரிசி மூட்டை, உருளைக்கிழங்குக் கூடை, எண்ணெய் டின் இருக்கும் மூலையும் சூடேறக் கூடாது. இவற்றையும் சுவரோர இடைவெளியையும் கழித்துவிட்டால், நாம் நின்று நடமாடும் இடம் சுமார் 43 சதுர அடி, அதாவது 4 சதுர மீட்டர் மிஞ்சும். சதுர மீட்டருக்கு 150 வாட் என்பது இத்தகைய கம்பி வலைகளில் பரவலாக உள்ள அளவு. ஆக மொத்தம் 600 வாட். ஓர் இஸ்திரிப்பெட்டியைவிடக் குறைந்த மின்சாரம்.

காலையில் 3 மணி நேரம், மாலையில் 3 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு அதிகபட்சம் 3.6 யூனிட். தரை போதிய சூட்டை எட்டியதும் தெர்மோஸ்டாட் இடையிடையே மின்சாரத்தை நிறுத்துவதால் உண்மைச் செலவு அதற்குக் கீழேதான் இருக்கும். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 650 ரூபாயைத் தாண்டாது. நான்கு மாதக் குளிர்காலத்துக்கு 2,600 ரூபாய்க்குள் அடங்கிவிடும். உங்கள் மாநிலத்தின் கட்டண விகிதத்தை இதில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

விற்பனையாளர்கள் இந்த இடத்தில் 2,000 வாட் அறைச் சூடேற்றியோடு ஒப்பிட்டு, மூன்றில் ஒரு பங்கு செலவு என்பார்கள். அந்த ஒப்பீடு நேர்மையானதன்று. 600 வாட் தருவது 600 வாட் வெப்பமே. காற்றுப் புகும் சன்னல்களுள்ள அறையை, வெளியே பனி பெய்யும்போது, அது மட்டும் சூடேற்றிவிடாது. காலுக்கு இதம் தரும், அறையின் கடுமையைத் தணிக்கும், அவ்வளவே. வீடு முழுவதையும் சூடாக்க நினைப்போர் மின்கம்பியை நாடக் கூடாது. ஹீட் பம்ப் முறையில் இயங்கும் சாதனங்கள், மிகக் கடுங்குளிர் இல்லாத வேளைகளில், ஒரு யூனிட் மின்சாரத்தைக்கொண்டு இரண்டு மூன்று யூனிட் வெப்பத்தை அறைக்குள் கொண்டுவரும். கம்பி வழி வெப்பம் சிறு பரப்புக்கே உரியது. சமையலறை அதற்கு மிகப் பொருத்தமான சிறு பரப்பு.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஜீலம், செனாப் ஆறுகளின் நீரோட்டத்தை நம்பியுள்ள மின்நிலையங்களில் குளிர்காலத்தில் நீர்வரத்துக் குறைகிறது. மின்தேவையோ அப்போதுதான் உச்சத்தைத் தொடுகிறது. மின்வெட்டும் குறைந்த மின்னழுத்தமும் அதன் விளைவு. கம்பி தரும் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட் வந்தால், நமக்குக் கிடைப்பது 600 வாட் அன்று, சுமார் 367 வாட் மட்டுமே. இன்வெர்ட்டரில் இணைக்கலாமே என்று தோன்றும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி கொண்ட ஒரு பாட்டரியை இந்தத் தரை இரண்டு மணி நேரத்தில் வற்றச் செய்துவிடும். பிறகு விளக்குக்கும் வழியிருக்காது. ஆகவே மாற்று ஏற்பாடு ஒன்று எப்போதும் வேண்டும். ஹமாம் உள்ள வீட்டில் அதை மூடிவிடாதீர்கள்.

கண்ணில் படாத வேலை

தளபாடம் வாங்கினால் பிடிக்காதபோது மாற்றலாம். வண்ணம் அடித்தால் மேலே மறுபடி அடிக்கலாம். இந்த வேலையோ டைல்ஸ் ஒட்டப்பட்ட நொடியிலிருந்து கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆனாலும் பெரும்பாலான குடும்பங்கள் டைல்ஸின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று கடை ஏறி இறங்குகின்றன. அதன் அடியில் என்ன போகிறது என்பதைக் கொத்தனாரிடமே விட்டுவிடுகின்றன. என் கருத்தில், கவனமும் பணமும் எதிர்த்திசையில் செல்ல வேண்டும்.

முதலாவது, வெப்பத்தடுப்புப் பலகை. இதைத்தான் செலவைக் குறைப்பதாகச் சொல்லி முதலில் வெட்டுவார்கள். கான்கிரீட்டைவிட ஏறத்தாழ 40 மடங்கு வெப்பத்தைத் தடுக்கும் எக்ஸ்.பி.எஸ். எனும் கெட்டி நுரைப்பலகை, 1 செ.மீ. கனத்தில் 40 செ.மீ. கான்கிரீட்டின் வேலையைச் செய்கிறது. அது இல்லையேல் கம்பியின் சூடு கீழே தளத்துக்குள் இறங்கும்; அரை மணி, ஒரு மணி நேரத்தில் இதமாக வேண்டிய தரை இரண்டு மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். காலைச் சமையலே முடிந்துவிடும். தரைத்தளத்து வீடுகளில் மண்ணின் ஈரமும் குளிரும் நேரே ஏறுவதால் இப்பலகை இல்லாமல் வேலையைத் தொடங்கவே அனுமதிக்காதீர்கள்.

அடுத்து, கம்பி வலை. இது ஒரு சல்லடைத் துணியில் வளைத்து வளைத்து ஒட்டப்பட்ட, சில மில்லி மீட்டர் கனமே உள்ள கம்பி. திருப்ப வேண்டிய இடத்தில் துணியை வெட்டலாம். கம்பியை ஒருபோதும் வெட்டக் கூடாது. நீளம் மிஞ்சிவிட்டது என்று ஒரு முழம் வெட்டினால் மின்தடை குறைந்து, மிச்சக் கம்பி அளவுக்கு மீறிச் சூடேறும். ஆகவே அளவெடுத்து, காகிதத்தில் வரைந்து, அதற்குரிய வலையை வாங்குவதே முறை. கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. பூமி இணைப்புக்கான உலோக உறையும், வெப்பக் கம்பிகளுக்கான ஐ.இ.சி. 60800 தரக் குறியீடும் உள்ளதா என்று பெட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் சமையலறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் உண்டு. எனவே இந்தக் கம்பிக்கெனத் தனி எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இன்றியமையாதவை. பழைய வீடாயின் எர்த்திங் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்பதை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக்கொண்டு சோதியுங்கள். அடுத்த அறை பிளக்கிலிருந்து கம்பி இழுத்துத் தருகிறேன் என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

இப்போது மூன்று அளவீடுகள். கட்டுரையின் பிற பகுதிகளை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். 600 வாட் வலையின் மின்தடை, 230 வோல்ட் கணக்கில், சுமார் 88 ஓம். வலையின் முகப்புச்சீட்டில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். பெட்டியைத் திறந்தவுடன் மல்டிமீட்டரில் ஒரு முறை, தரையில் விரித்து ஒட்டிய பின் ஒரு முறை, டைல்ஸ் பதித்து முடித்த பின் ஒரு முறை அதை அளந்து எழுத வேண்டும். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் கம்பி நலமாக இருக்கிறது. எண் திடீரென மாறினாலோ, மீட்டர் எதையும் காட்டாவிட்டாலோ, எந்தக் கட்டத்தில் அது பழுதானது என்று அப்போதே தெரிந்துவிடும். இவற்றோடு 500 வோல்ட் மெகர் கருவியால் காப்புறையையும் சோதிப்பார்கள். கொத்தனாரின் கரண்டி முனை பட்ட ஒரு சிறு கீறலைக்கூட அது காட்டிக்கொடுத்துவிடும். பசை ஈரமாக இருக்கும்போதே பழுது தெரிந்தால் டைல்ஸை எடுப்பது அரை மணி வேலை. காய்ந்த பின் தெரிந்தால், வெப்பக் காமிராவால் இடத்தைக் கண்டுபிடித்து, ஓரிரு டைல்ஸை உடைத்து, கம்பியை இணைத்துச் சரிசெய்ய வேண்டிவரும். முடியாத காரியமில்லை, ஆனால் அதே நிறத்தில் டைல்ஸ் அப்போது கிடைக்குமா என்பது ஐயமே. ஒரு பெட்டி டைல்ஸைக் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

டைல்ஸ் பதிப்பதில்தான் நம் ஊர்ப் பழக்கம் குறுக்கே வருகிறது. டைல்ஸின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் சிமெண்ட் கலவையை உருண்டையாக வைத்து அழுத்திவிடுவது பல கொத்தனார்களின் வழக்கம். இடையில் வெற்றிடம் நிற்கும். சாதாரணத் தரையில் அது தாங்கும். இங்கே அந்த வெற்றிடத்தில் சிக்கிய கம்பியின் வெப்பம் மேலே ஏற வழியின்றி அங்கேயே மிகும். வளைந்து கொடுக்கும் வகை ஒட்டும் பசையை, பல் வைத்த கரண்டியால், தரை முழுவதும் பரப்பியே பதிக்க வேண்டும். இந்தியத் தர எண் ஐ.எஸ். 15477 பைமேல் உள்ளதா என்று பாருங்கள். சூடேறும் தரைக்கு ஏற்றது என்று அந்நிறுவனமே குறிப்பிட்டிருக்க வேண்டும். மறுநாள் விரல் முட்டியால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப்பாருங்கள். வெற்றோசை கேட்கும் இடத்தைத் திரும்பச் செய்யச் சொல்ல நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. சுவரோரம் விரிவுக்கான இடைவெளி விட்டு, அதைக் கிரவுட்டால் அன்றிச் சிலிக்கோனால் நிரப்புவதும் அவசியம்.

தரையின் சூட்டை அறியும் சென்சாரை ஒரு சிறு குழாய்க்குள், இரண்டு கம்பி வரிசைகளுக்கு நடுவே செலுத்துங்கள்; பின்னாளில் கெட்டால் உருவி மாற்றலாம். நேரே பசைக்குள் புதைத்தால் அதுவும் போய்விடும். தரையின் உயரம் மொத்தத்தில் இரண்டு செ.மீ. அளவுக்கு உயரலாம். கதவின் அடிப்பகுதியைச் செதுக்கவும், நிலைப்படி ஓரத்தில் கால் இடறாமல் சரிவு அமைக்கவும் தச்சரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

டைல்ஸ் பதிப்பதற்கு முன், விரித்த கம்பியின் அருகே அளவு நாடாவை வைத்துப் புகைப்படங்கள் எடுங்கள். நாளை தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் பொருத்த வருபவரோ, கதவுத் தடுப்பான் திருக வருபவரோ தரையில் துளையிடப் போகும்போது உங்களைக் காப்பது அந்தப் படங்களே. ஒரு பிரதியைச் சுவிட்சு போர்டின் உட்கதவில் ஒட்டிவைக்கலாம். மற்றொன்று, மூன்று அளவீடுகள் எழுதிய உத்தரவாத அட்டையோடு, வீட்டுப் பத்திரம் இருக்கும் கோப்பில் இருக்கட்டும். அளவீடுகள் நிரப்பப்படாத அட்டையைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

பணம் தரும் முறை

நன்றாக இருக்கும் தரையை இதற்கென்றே உடைக்காதீர்கள். உடைக்கும் கூலியும் புது டைல்ஸும் கம்பியின் விலையை மிஞ்சிவிடும். சமையலறையை எப்படியும் புதுப்பிக்கும் காலம் வரும்போது, அந்த மதிப்பீட்டில் இதையும் ஒரு வரியாகச் சேர்ப்பதே அறிவுடைமை. வீட்டு மேம்பாட்டுக் கடன் பெறுவோர் மதிப்பீட்டில் வெப்பத்தடுப்புப் பலகை, கம்பி வலை, ஆர்.சி.சி.பி., கூலி என ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 'தரை வெப்ப வேலை, மொத்தம் இவ்வளவு' என்ற ஒற்றை வரிக்குள் பலகை காணாமற்போவது எளிது. பழைய வருமானவரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டைச் செப்பனிடவோ புதுப்பிக்கவோ பெற்ற கடனின் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். ரசீதுகளை எறிந்துவிட வேண்டாம்.

ஒப்பந்தக்காரருக்குப் பணத்தைத் தவணையாகத் தருவதாக முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பலகை பதித்து நீங்கள் பார்த்த பின் ஒரு பகுதி, இரண்டாம் அளவீட்டுக்குப் பின் ஒரு பகுதி, மூன்றாம் அளவீடு சரியாக இருந்து தரை சூடேறுவதை நேரில் கண்ட பின்னரே கடைசிப் பகுதி. வாடகை வீட்டில் இருப்போருக்கு இது ஏற்ற முதலீடு அன்று; நல்ல கனமான கம்பளிக் காலணி போதும். உதகை, கொடைக்கானல் வாசகர்கள் கேட்கக்கூடும். அங்கும் சனவரி இரவுகளில் உறைபனி உண்டு. ஆயினும் பகல் வெயில் பெரும்பாலான நாள்களில் வந்துவிடுவதால், மேடைக்கு முன்னால் ஒரு மரப்பலகையோ கோரைப்பாயோ போட்டுக்கொள்வதே அங்குள்ள பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமென்று தோன்றுகிறது.

வேலை முடிந்த வீட்டில் சில பழக்கங்கள் மாற வேண்டியிருக்கும். காஷ்மீரத்தில் சமையலறைத் தரையிலேயே அமர்ந்து உண்பது வழக்கம்; சூடான தரை அதற்கு மிக இசைவானது. ஆனால் பழைய நினைவில் அதன்மேல் தடித்த நம்தாவை விரித்துவிட்டால், சூடு கீழேயே அடைபடும். மெல்லிய விரிப்பு போதும். எரிவாயு உருளையை ஒருபோதும் சூடேறும் பகுதியில் வைக்கக் கூடாது. கடுங்குளிரில் உருளையிலிருந்து வாயு சரிவர எழாது. அப்போது அதை வெந்நீரில் நிறுத்துவோரும் ஹீட்டர் அருகே நகர்த்துவோரும் உண்டு. வெதுவெதுப்பான தரை கண்ணெதிரே இருக்கும்போது அந்த எண்ணம் இன்னும் எளிதாக வரும். உருளைக்கான மூலையைக் கம்பி வரைபடத்திலேயே வெறுமையாக விட்டு, வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவைப்பது நல்லது.

டைல்ஸ் பதித்ததும் சூட்டைப் பார்க்கும் ஆவல் பிறக்கும். பசை இயல்பாகக் காய, நிறுவனம் குறிப்பிடும் நாள்கள் வரை, பொதுவாக ஒரு வாரமாவது, சுவிட்சைத் தொடக்கூடாது. கம்பி சிமெண்ட் தளத்துக்குள் புதைக்கப்பட்டிருந்தால் 28 நாள்கள் வரை பொறுக்க வேண்டும். விரைவில் காயட்டும் என்று சூடேற்றினால் பசையில் வெடிப்பு விழும். முதல் நாள் தெர்மோஸ்டாட்டை 15 டிகிரியில் வையுங்கள். பின்னர் நாளுக்கு ஓரிரு டிகிரி உயர்த்தி, ஒரு வாரத்தில் 26 அல்லது 27 டிகிரிக்கு வரலாம். 29 டிகிரிக்கு மேல் செல்லாதபடி அதிலேயே வரம்பு அமைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டுகளில் நவம்பர் தொடக்கத்திலேயே ஒரு மாலை அதை இயக்கிப் பார்த்து, ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானையும் ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரீஷியன் அப்போது எளிதில் கிடைப்பார்; சில்லை கலான் தொடங்கிவிட்டால் அவர் ஊரெங்கும் உறைந்த குழாய்களுக்கும் எரிந்த கீசர்களுக்கும் இடையே ஓடிக்கொண்டிருப்பார்.